தோற்ற அணிகளின் பெயர்ப்பட்டியல்

1889 ஜனவரி 26ஆம் நாள் கொழும்பில் ஒரு பேஸ்போல் ஆட்டம் நடந்தது. அல்பேர்ட் ஸ்போல்டிங் என்ற அமெரிக்க விளையாட்டுப் பொருள் வியாபாரி இரண்டு அணிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றப் புறப்பட்டிருந்தார். அவுஸ்திரேலியாவில் ஆடிவிட்டு எகிப்துக்குப் போகும் வழியில் கப்பல் கொழும்பில் தரித்தது. கிடைத்த சில மணி நேரத்தில் இறங்கி ஐந்து இன்னிங்ஸ் ஆடினார்கள். ஆட்டம் 3–3 என்று சமநிலையில் முடிய, கப்பலேறிப் போய்விட்டார்கள். 1914இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ், சிக்காகோ வைட் சொக்ஸ் ஆகிய இரு அணிகளும் அதே கடல்வழியில் வந்து கொழும்பில் ஆடின. தேயிலை வியாபாரி சேர் தோமஸ் லிப்டன் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

இரண்டு தடவையும் வந்தவர்கள் ஒரு பகற்பொழுது நின்றார்கள். அவர்கள் விளையாட்டு இந்த மண்ணில் அப்போது வேர் பிடிக்கவில்லை. ஆனாலும் யார் ஆடினார்கள், எத்தனை ஓட்டம், யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் இன்றும் தெரியும். போகுமிடமெல்லாம் எழுதுவதற்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் இதை முந்தலில் இருந்து எழுதுகிறேன். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில், ஏ-3 வீதியும் புத்தளம் ரயில் பாதையும் ஒன்றையொன்று ஒட்டிப் போகும் இடம். மேற்கே முந்தல் களப்பு, அதையும் புத்தளம் களப்பையும் தொடுத்துக்கொண்டு ஒல்லாந்தர் கால்வாய், அதற்கப்பால் உடப்பும் கடலும். தமிழும் சிங்களமும் ஒரே சந்தையில் பேசப்படும்; கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் அடுத்தடுத்து நிற்கும். இங்குள்ள பாடசாலைகள் எல்லாவற்றிலும் மாலை மூன்று மணிக்குப் பந்து உருண்டிருக்கிறது. அறுபது, எழுபது ஆண்டுகளாக உருண்டிருக்கிறது. அந்த அணிகளில் யார் யார் இருந்தார்கள், எந்த ஆண்டில் எந்தப் பாடசாலையோடு ஆடினார்கள், எத்தனை ஓட்டத்தால் தோற்றார்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு தாள் கிடையாது. 1889இல் ஒரு பகல் தங்கிப்போன அந்நியரின் ஓட்டக் கணக்கு இருக்கிறது. 1989இல் இங்கே பிறந்து வளர்ந்து ஆடிய பிள்ளைகளின் கணக்கு இல்லை. இது என்னை நெடுநாளாக வருத்தும் விஷயம். சின்ன விஷயம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காரணம் எளிது. நமது பாடசாலை விளையாட்டு ஒரு ஏணியில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம். ஒவ்வொரு படியிலும் வென்றவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் கிடைத்தால் அதிபர் அலுவலகத்துச் சுவரில் ஒரு வரி ஏறும். வருடாந்த பரிசளிப்பு விழா மலரில் ஒரு படம் வரும். தோற்றால் ஒன்றும் இல்லை. ஒரு வலயத்தில் பல பாடசாலைகள் போட்டிக்கு வருகின்றன. மேலே போவது ஒன்றோ இரண்டோ. எஞ்சிய பாடசாலைகளின் பிள்ளைகளும் அதே வெயிலில் அதே மூன்று மாதம் ஓடிப் பழகியவர்கள். அவர்கள் அந்தப் பின்னேரமே பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அந்த ஆண்டு அந்தப் பாடசாலைக்கு ஓர் அணி இருந்தது என்பதற்கான சாட்சி அந்த பஸ்ஸோடு போய்விடுகிறது. சிறிய ஊர்ப் பாடசாலைகள் பெரும்பாலும் தோற்கும் பாடசாலைகள். ஆகவே சிறிய ஊர்களுக்கு விளையாட்டு வரலாறே இல்லை என்று ஆகிவிட்டது.

எல்லே ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்போலுக்கு இந்நாட்டில் மிக நெருங்கிய உறவு அதுதான். மூங்கில் தடி, டென்னிஸ் பந்து, வெறும் நிலம், சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள். வேறெதுவும் வேண்டாம். பந்தை எறிபவர் எதிரணிக்காரர் அல்லர்; அடிப்பவரின் சொந்த அணிக்காரர். அடிப்பவனின் தோள் உயரம், அவன் விரும்பும் வேகம், காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் தெரிந்து, மிதமாக, அவன் தடிக்கு நேரே போட்டுக் கொடுக்க வேண்டும். நல்ல எறிகாரன் இல்லாத அணியில் எவ்வளவு பலசாலி இருந்தும் பயனில்லை. அடித்தவன் எல்லைகளைத் தொட்டுக்கொண்டு ஓடுவான். பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு. ஓடுகிறவன் முதுகில் எறிந்தாலும் ஆட்டமிழப்பு. கடற்கரைப் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். மணலில் ஓடிப் பழகிய கால் தரையில் பறக்கும். வலை இழுத்த தோள் மூங்கிலைச் சுழற்றும்போது பந்து தென்னைக்கு மேலே போய்த் திரும்பும். சித்திரைப் புத்தாண்டில் ஊர் முழுக்கக் கூடி நின்று பார்க்கும் ஆட்டம் இது. பாடசாலைப் போட்டியிலும் இடம் உண்டு. பின்னாளில் ஜப்பானின் உதவியோடு ஹோமாகம தியகமவில் பேஸ்போலுக்கென்று ஒரு மைதானம் எழுந்தது. ஆனால் அதன் மூத்த சகோதரமான எல்லேக்கு எங்கள் பக்கத்து எந்தப் பாடசாலையிலாவது ஒரு பத்தாண்டுக் கணக்குப் புத்தகம் உண்டா என்று விசாரித்துப் பார்த்தேன். அந்த எறிகாரர்களின் பெயர் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தது ஒரு படம். உடப்பில் ஒரு வீட்டின் முன்விறாந்தையில், சாமிப் படங்களுக்குக் கீழே மாட்டியிருந்தது. தடித்த மட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். முன்வரிசையில் ஐந்து பேர் வாங்கில் இருக்கிறார்கள், பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கும் காலில் சப்பாத்து இல்லை. கீழே மட்டையில் பெயர்கள் அச்சிட்டிருந்த பகுதியைக் கறையான் தின்றுவிட்டது. இடது ஓரத்தில் இரண்டு எழுத்தும் வலது ஓரத்தில் ஒரு புள்ளியும் மட்டும் மிச்சம். வீட்டுக்காரப் பெரியவர் படத்தில் நிற்பவர்களில் ஒருவர். விரலை வைத்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாதிப் பேருக்கு மேல் பெயர் வரவில்லை.

“இவன் வாடிக்குப் போனவன், பிறகு வரயில்ல. இவன் இத்தாலியில. இவன்ட பேர் தொண்டைக்குள்ள நிக்குது தம்பி, வெளிய வருதில்ல.”

“எந்த வருஷம் ஐயா எடுத்த படம்?” என்று கேட்டேன்.

“தோத்த வருஷம்” என்றார். “வென்டிருந்தா அடுத்த ஆட்டத்துக்குப் போயிருப்பம். தோத்து வந்தபடியாத்தான் மாஸ்டர் சொன்னார், பொடியள் இனி ஒண்டா நிக்க மாட்டானுகள், ஒரு படம் எடுத்து வைப்பம் எண்டு.”

அந்த ஆசிரியரைப் போல இன்னும் பத்துப் பேர் இருந்திருந்தால் எங்கள் கரையோரத்தின் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி, எழுதி வைத்தவர்களின் கதைக்கு வருகிறேன். 1879இல் கொழும்பு அக்கடமி என்று அப்போது பெயர் பெற்றிருந்த றோயல் கல்லூரியும் முகத்துவாரத்தில் இருந்த சென் தோமஸ் கல்லூரியும் காலிமுகத் திடலில் கிரிக்கெட் ஆடின. முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். மறு ஆண்டிலிருந்து மாணவர் மட்டும். பேரை வாவியைப் படகில் கடந்து ஆட்டத்துக்குப் போனார்கள் என்பது கல்லூரி வழக்கில் வரும் செய்தி. அன்று தொடங்கியது இரண்டு உலகப் போர்களையும் கலவரங்களையும் தாண்டி வந்திருக்கிறது. பின்னாளில் நாட்டின் முதல் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க அதில் தோமியனாக ஆடியவர்.

1885இல் ஒரு விசித்திரம் நடந்தது. றோயல் அணி முதல் நாளில் ஒன்பது ஓட்டங்களுக்குச் சுருண்டது. மறுநாள் அவர்கள் ஆட வரவில்லை. வென்றது தாங்களே என்கிறார்கள் தோமியர்கள். ஆட்டம் முடியவில்லை, ஆகவே வெற்றி தோல்வி இல்லை என்கிறார்கள் றோயல்காரர். நூற்று நாற்பது வருடமாக இந்த வழக்குத் தீரவில்லை. நான் இதில் ஒரு பக்கமும் சேரப் போவதில்லை. எனக்குப் படுவது வேறு. அந்த ஒன்பது ஓட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதப்பட்டதால்தான் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் சண்டை பிடிக்க முடிகிறது. தோல்வியைக்கூட அவர்கள் தொலைக்கவில்லை. ஒன்பது ஓட்டத்துக்குச் சுருண்ட அணி எங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஊர் அதை மறப்பதற்கு ஒரு கிழமை போதும்.

அது கொழும்பு, அது பணக்காரர் பாடசாலை என்று யாரும் சொல்லலாம். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1816இல் வெஸ்லியன் மிஷன் தொடங்கிய பாடசாலையே இன்றைய யாழ். மத்திய கல்லூரி. 1823இல் சேர்ச் மிஷன் தொடங்கியதே சென் ஜோன்ஸ் கல்லூரி. இரண்டும் 1904இல் ஆடத் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் ‘வடக்கின் பெரும் போர்’ என்ற பெயரில் இன்றும் மார்ச் மாதத்தில் மூன்று நாள் நடக்கிறது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் சென் பற்றிக்ஸ் கல்லூரியும் ஆடுவது ‘பொன் அணிகளின் போர்’. அது 1917இல் தொடங்கியது. யாழ்ப்பாணக் கல்லூரியின் வேர் அமெரிக்க மிஷனரிகள் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி. அவர்கள் நாட்டு விளையாட்டு பேஸ்போல். அவர்கள் நிறுவிய கல்லூரியின் பிள்ளைகளோ ஆங்கிலேயரின் கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆளுகிறவனின் விளையாட்டே பாடசாலைக்குள் வரும்.

யாழ்ப்பாணத்து ஆட்டம் பட்டபாடு கொழும்பு ஆட்டம் படவில்லை. 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் மத்திய கல்லூரி மைதானத்துக்கு அண்மையில் நின்ற பொது நூலகம் எரிக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின என்பது நாம் சொல்லிச் சொல்லி மரத்துப்போன எண். அதில் எத்தனை பாடசாலைச் சஞ்சிகைகளும் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளும் போயினவோ.

1985 ஜூன் மாதத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் தமிழ் ஆயுதக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார் என்பதே அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பாடசாலை அணி யாரோடு ஆடலாம் என்ற கேள்விக்கு ஓர் அதிபர் உயிரை விலையாகக் கொடுத்த நாடு இது. விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஒரு மைதானத்தில் இறங்கினால் ஊரின் அச்சங்கள் எல்லாம் அவர்களோடு இறங்குகின்றன.

1990இல் யாழ். கோட்டை முற்றுகையில் மத்திய கல்லூரிச் சுற்றாடல் குண்டுகளுக்கு நடுவில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவில் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தது. அணித்தலைவனும் எதிரணித்தலைவனும் ஒரே வீதியில் மூட்டையோடு போயிருப்பார்கள். சில ஆண்டுகள் பெரும் போர் நடக்கவில்லை. ஆனால் திரும்பத் தொடங்கியபோது அது எத்தனையாவது ஆட்டம், இதுவரை யார் எத்தனை வென்றார்கள் என்று சொல்ல ஆள் இருந்தது, தாள் இருந்தது. கல்லூரி மலர்களை யாரோ ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் படம் படமாகச் சேர்த்தன. ஆட்டம் நின்ற ஆண்டுகளும் நின்ற ஆண்டுகள் என்றே கணக்கில் இருக்கின்றன. மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் பின்னர் இலங்கை அணிக்கும் ஐ.பி.எல். மைதானத்துக்கும் போனபோது, அவருக்குப் பின்னால் நூறாண்டுப் பெயர்ப்பட்டியல் ஒன்று நின்றது. அந்தப் பட்டியலில் பெரும்பாலானவர்கள் பெயர் பெறாதவர்கள். அவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் புத்தளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது எங்கள் மாவட்டத்தில். கற்பிட்டி, புத்தளம், முந்தல் பக்கமெல்லாம் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அவர்கள் கொண்டு வரக்கூடியது மிகக் குறைவு என்று கட்டளையிடப்பட்டிருந்தது. நகையையே கொண்டுவர முடியாதவர்கள் பாடசாலை அணியின் படத்தையா கொண்டுவந்திருப்பார்கள்? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்களின் பாடசாலைகளில் உதைபந்தாடிய அணிகள் இருந்தன. அந்த அணிகள் ஒரே நாளில் கலைந்தன. அவற்றில் ஆடிய பையன்கள் இன்று ஐம்பதைத் தாண்டிய தகப்பன்மார். புத்தளத்துத் தெருக்களில் கடை வைத்திருக்கிறார்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களிடம் இன்றே போய்க் கேட்டால் பெயர்கள் கிடைக்கும். இன்னும் இருபது வருடம் கழித்துப் போனால் கிடைக்காது.

பெயர்களை எழுதி வைக்கும் வேறோர் இடத்தையும் சொல்ல வேண்டும். உலகின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் கொட் என்று ஒரு கடலோர நிலம் உண்டு. கடலுக்குள் வளைந்து நீண்ட மணல்மேடு. மீனும் சிப்பியும் பிடித்துப் பிழைத்த சிற்றூர்கள். அங்கே கோடைகாலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் பேஸ்போல் லீக் ஒன்று நடக்கிறது. அமைப்பாகத் திரண்டது 1923இல். பல்கலைக்கழக மாணவருக்கென்று முறைப்படி ஆனது 1963இல். பத்து ஊர்கள், பத்து அணிகள். மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பார்க்க வருபவர்களிடம் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆட்டத்தின் நடுவே உண்டியல் வரும், விரும்பியதைப் போடலாம். பல்கலைக்கழக ஆட்டங்களில் உலோகத் துடுப்பு வழக்கமாக இருந்தும், 1985 முதல் இந்த லீக்கில் மரத் துடுப்புத்தான். தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால் மரத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதால் இங்கேயே பழகட்டும் என்று வைத்தார்கள். இங்கிருந்து உச்ச லீக்குக்குப் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அந்தப் பத்தில் ஒன்று கொட்டியூட். ஊரென்றும் சொல்ல முடியாது, ஒரு நகரசபைக்குள் அடங்கிய கிராமம். 1947 முதல் அதற்கு ஓர் அணி உண்டு. மைதானத்தைச் சுற்றிப் பைன் மரங்கள். அணியின் பெயர் கெட்டிலியர்ஸ். பூர்வகுடி வம்பனோக் மக்களிடமிருந்து அந்த நிலம் ஒரு கேத்தலுக்கும் ஒரு மண்வெட்டிக்கும் வாங்கப்பட்டது என்ற பழங்கதையிலிருந்து வந்த பெயர். நிலத்தை இழந்தவர்களின் கணக்கு அங்கேயும் ஒரு சட்டைப் பெயராகச் சுருங்கிவிட்டது. எழுதி வைப்பவர்கள் எல்லாவற்றையும் எழுதுவதில்லை, யாருக்கு எழுதும் கை இருக்கிறதோ அவர்கள் பக்கமே எழுதுகிறார்கள் என்பதற்கு அது சான்று. அந்தக் குறையைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

என்னை ஈர்த்தது இன்னொன்று. ஒவ்வொரு ஜூன் மாதமும் டெக்சாசிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் முன்பின் தெரியாத பையன்கள் அந்தக் கிராமத்துக்கு வருகிறார்கள். ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, ஆகஸ்ட் மாதம் வரை சோறு போட்டு வைத்திருக்கின்றன. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அவன் அந்தக் கோடைக்கு அண்ணன். ஊர் முதியவர்கள் ஓட்டக் கணக்கு எழுதுகிறார்கள். பையன் பின்னாளில் பெயர் பெறாமற் போனாலும், அந்த ஆண்டுப் பட்டியலில் அவன் பெயர், சொந்த ஊர், பல்கலைக்கழகம், எத்தனை முறை அடித்தான் என்பது இருக்கும்.

எங்கள் கடற்கரையில் பருவம் மாறினால் நடப்பது நேர்மாறானது. வாடைக் காலத்தில் மேற்குக் கடல் தணிந்திருக்கும். உடப்பில் கரைவலை இழுபடும். சோழகம் கிளம்பியதும் கடல் கொந்தளிக்கும், தொழில் படுத்துவிடும். அப்போது சிலாபம், உடப்புப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் வலையையும் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் வாடி அடிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைப் பக்கம். போர் அந்த வழியை நெடுங்காலம் மூடி வைத்தது. தோளில் பலம் வந்த பையன் வாடிக்கு ஒரு கை. பாடசாலைப் போட்டிகள் மேல்மட்டத்துக்குப் போவதும் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியில். ஆசிரியர் பெயர் எழுதக் கேட்கும்போது நல்ல ஓட்டக்காரன் ஊரில் இருக்க மாட்டான். படத்தில் நின்ற அந்த ‘வாடிக்குப் போனவன்’ எத்தனை அணிகளில் எத்தனை பேர் என்று யார் கண்டது?

இரண்டும் கோடைகாலப் பயணம். அங்கே ஊருக்கு வருகிறவனின் பெயர் எழுதப்படுகிறது. இங்கே ஊரைவிட்டுப் போகிறவனின் பெயர் அழிகிறது. கேப் கொட் பணக்கார நிலம், உண்மைதான். ஆனால் பெயர் எழுதப் பணம் வேண்டியதில்லை. வேண்டியது, இந்தப் பிள்ளைகள் எழுதத்தக்கவர்கள் என்று ஊர் நினைப்பது. அந்த நினைப்பில்தான் நாம் ஏழைகள்.

நம்மிடமும் அந்த நினைப்பு அறவே இல்லாமல் இல்லை. முந்தலுக்குத் தெற்கே சிலாபத்தில் சென் மேரிஸ் கல்லூரியின் பழைய மாணவர் மரபில் கிளைத்த கழகம்தான் சிலாபம் மேரியன்ஸ். நாட்டின் முதல்தரக் கிரிக்கெட்டில் கொழும்புக் கழகங்களுக்கு நடுவே ஒரு கரையோர நகரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. 2017–18இல் பிரிமியர் லீக் போட்டியையே வென்றது. ஆனால் அதன் சொந்த மைதானமாகக் கணக்கில் உள்ளது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலய மைதானம். பெயர் சிலாபத்தில், ஆட்டம் கட்டுநாயக்கவில். அந்த அணியில் இன்று ஆடுகிறவர்கள் பலர் எங்கள் மாவட்டத்தார் அல்லர். இதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. பெரிய ஆட்டம் பெரிய நகரத்தையே தேடும். ஆனாலும் ஒரு பாடசாலை அணி பெயராக மட்டும் வாழ்வதற்கும் ஊராக வாழ்வதற்கும் உள்ள தூரம் அந்த ரயில் பாதையின் தூரம்தான்.

இன்னொரு இழப்பும் இந்தக் கரைக்கே உரியது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் கடந்து வரும் கரையோரத்தில் தமிழில் படிப்பித்த பாடசாலைகள் பல, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு தலைமுறைக்குள் சிங்கள மொழிமூலமாயின. வீட்டில் தமிழ் பேசும் பாட்டியும் தமிழ் தெரியாத பேரனும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தப் பாடசாலைகளின் பழைய இடாப்புகளில் தமிழ் எழுத்தில் இருந்த பெயர்களை இன்றைய மாணவர் வாசிக்க மாட்டார். மொழி மாறியதைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மைதானங்களில் எந்த மொழியில் “ஓடு, ஓடு” என்று கத்தினார்கள் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

விளையாட்டு வரலாறு என்றால் வென்ற நாயகர்களின் வரலாறு என்று நாம் பழகிவிட்டோம். மகாதேவா சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்ததை நினைவில் வைத்திருக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். கண்டி சென் அன்ரனீஸ் கல்லூரி மாணவனாக இருந்த முத்தையா முரளிதரன் எண்ணூறு டெஸ்ட் விக்கெட்டுகளுக்குப் போனதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். ஆனால் சதாசிவத்துக்கு வெஸ்லிக் கல்லூரியில் மறுமுனையில் நின்று துணை கொடுத்தவன், முரளிக்கு வலையில் பந்து பொறுக்கிக் கொடுத்தவன், எல்லேயில் பலசாலியின் தடிக்கு நேரே மெல்லப் போட்டுக் கொடுத்தவன் எல்லோரும் சேர்ந்ததே அணி. நாயகனை மட்டும் வைத்துக்கொண்டு அணியை எறிந்துவிட்டால் அடுத்த நாயகன் எந்த மண்ணிலிருந்து முளைப்பான் என்பதும் தெரியாமற் போகும். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் மாவட்ட அணிக்குத் தெரிவாகும்போது, இதே மைதானத்தில் உன் பெரியப்பாவும் ஓடினார் என்று காட்ட ஒரு பக்கம் இருந்தால், அவன் தன்னந்தனியாகப் போவதாக நினைக்க மாட்டான்.

ஆகவே முந்தல், உடப்பு, மதுரங்குளி, கற்பிட்டிப் பக்கத்துப் பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். அணி போட்டிக்குப் போகும் நாளில் திகதி, இடம், எதிரணிப் பாடசாலை, ஓட்ட எண்ணிக்கை அல்லது கோல் கணக்கு, ஆடியவர்களின் முழுப்பெயர், மேலதிகமாக வாங்கில் இருந்தவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். வென்றால் ஒரு பக்கம், தோற்றால் இரண்டு பக்கம் எழுதுங்கள். தோல்விக்கு வேறு சாட்சி கிடையாது. வாடிக்குப் போனதால் வர முடியாதவனின் பெயரையும் காரணத்தோடு எழுதுங்கள். எறிகாரனின் பெயரைத் தவற விடாதீர்கள். வருட முடிவில் அதிபரின் கையொப்பம் வாங்கி, கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளைச் சேர்த்துவரும் அவர்கள் பாடசாலை மலர்களையும் சேர்க்கிறார்கள். பழைய மாணவர்களே, வீட்டில் மட்டையில் ஒட்டிய படம் இருந்தால் சுவரிலிருந்து இறக்கிப் பின்பக்கம் திருப்பி, நினைவில் உள்ள பெயர்களை இன்றைக்கே பேனாவால் எழுதி வையுங்கள். மறந்த பெயர்களுக்கு இடம் விட்டு எழுதுங்கள், உங்களோடு ஆடியவர்கள் வந்து நிரப்பட்டும்.